செங்காது ஆமைக்கு ஏற்ற இருப்பிடம்

செங்காது ஆமைக்குஞ்சு உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் கண்களுக்குப் பின்னால் உள்ள சிவப்புக் கோடுகளே அதற்கு அப்பெயரைப் பெற்றுத் தந்தன. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த நீர்வாழ் ஆமையைச் சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. இந்திய நட்சத்திர ஆமை போன்றவற்றை வளர்க்க அனுமதி இல்லை.

குஞ்சின் சிறிய உருவத்தைக் கண்டு பலர் சிறிய நெகிழிப் பெட்டியையே அதன் வீடாக்கிவிடுகின்றனர். ஆனால், முழு வளர்ச்சி அடைந்த ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டர் நீளத்தையும் தாண்டக்கூடும். நன்கு பராமரித்தால் அது 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். எனவே, தொடக்கத்திலேயே பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்குவது நல்லது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆமைக்குச் சுமார் 150 லிட்டர் கொள்ளளவு உள்ள தொட்டி தேவை என்பது பொதுவான கணக்கு.

தொட்டியில் நீரின் ஆழம் ஆமையின் ஓட்டின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் தவறிக் கவிழ்ந்தாலும் அது தானாகவே நிமிர முடியும். அடியில் பொடிக்கற்களைப் பரப்பக்கூடாது. ஆமை அவற்றை விழுங்கினால் குடலில் அடைப்பு ஏற்படலாம். ஆமை நீரிலேயே உண்டு, அங்கேயே கழிவையும் வெளியேற்றுகிறது. ஆகவே, வடிகட்டும் கருவியைப் பொருத்துவதோடு, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றவும் வேண்டும்.

ஆமை நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருப்பதில்லை. உடலைச் சூடாக்கவும் ஓட்டை உலர்த்தவும் அது கரையேறும். அதற்கு எளிதில் ஏறக்கூடிய உலர்ந்த மேடை தேவை. மேடைக்கு மேல் பொருத்தப்படும் வெப்ப விளக்கு, அவ்விடத்தைச் சுமார் 32 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும்.

புற ஊதாக் கதிர் விளக்கும் மிக முக்கியம். அக்கதிர்கள் தோலில் படும்போதுதான் வைட்டமின் 'டி' உருவாகிறது. அது இல்லாவிட்டால், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காது. ஓடு மென்மையாகி வளைந்துவிடும். தொட்டியைச் சன்னல் ஓரத்தில் வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். ஆனால், கண்ணாடி தேவையான கதிர்களைத் தடுத்துவிடும். வெப்பத்தையோ உள்ளே விட்டுவிடும். அதனால், சிறிய தொட்டியின் நீர் அளவுக்கு மீறிச் சூடாகலாம்.

ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். ஆமையையோ தொட்டியையோ தொட்ட பிறகு சவர்க்காரத்தால் கைகழுவுவது அவசியம். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது.

இருப்பிடத்தைச் சரியாகத் திட்டமிடாதவர்கள், வளர்ந்துவிட்ட ஆமையைச் சுமையாகக் கருதுகின்றனர். சிலர் அதை நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுகின்றனர். இது சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ந்த ஆமை உணவு தேடத் தெரியாமல் மடியலாம். பிழைத்துக்கொண்டாலோ, உள்ளூர் உயிரினங்களின் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாகிவிடும். இத்தனை ஆண்டுகள் ஆமைக்கு இடமும் நேரமும் ஒதுக்க முடியுமா என்பதைக் குடும்பத்தினர் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். குஞ்சை வாங்குவதற்கு முன்பே தொட்டி தயாராக இருக்க வேண்டும்.