வீட்டுச் சுவருக்கு எப்பொழுது சாயம் பூச வேண்டும்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சுவரைக் காத்து நிற்பது அதன்மீது பூசப்பெற்ற சாயமாகும். சாயம் அழகுக்காகவே பூசப்படுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அழகு இரண்டாவது பயனே. வெயிலையும் மழையையும் தான் தாங்கிக்கொண்டு, சுவரையும் பலகையையும் இரும்பையும் காப்பதே அதன் முதற்கடமை.

நம் பாட்டன்மார் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில், வீடுகளைச் செப்பனிடுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் நிருவாகத்தின் பொறுப்பாக இருந்தன. பின்னர் நம் மக்களுள் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் சொந்த வீடு வாங்கினர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடுகள் அவை. அவற்றைக் காக்கும் பொறுப்பு இப்பொழுது நம்முடையது. தேவையின்றிச் சாயம் பூசுவது வீண் செலவு. தேவையானபோது பூசாமல் விடுவது அதனினும் பெருஞ்செலவு. ஆகவே, உரிய காலத்தை அறியும் வழியை இங்குக் காண்போம்.

சாயம் தேய்வது ஏன்?

சாயத்தில் நிறம் தரும் பொடி, அப்பொடியைச் சுவரோடு பிணைக்கும் பசை, இரண்டையும் இளக்கி வைக்கும் நீர்மம் ஆகிய மூன்றும் உள்ளன. பூசியபின் நீர்மம் ஆவியாகிவிடும். பொடியும் பசையும் மெல்லிய தோல்போல் சுவரில் படியும். கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் நாள்தோறும் அப்பசையைச் சிதைக்கின்றன. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. காலை வெயில் படும் கீழ்ச்சுவரும் மாலை வெயில் படும் மேற்சுவரும் முதலில் தேய்கின்றன. எனவே, வாசற்சுவரை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. நான்கு புறமும் சுற்றிப் பார்த்தல் வேண்டும்.

சுவர் காட்டும் அறிகுறிகள்

முதலாவது, மாவு உதிர்தல். சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தால் சுண்ணாம்புபோல் பொடி ஒட்டும். பசை சிதைந்து, நிறப்பொடி தனித்துவிட்டது என்பது இதன் பொருள். சிறிதளவு ஒட்டினால் கழுவிவிட்டுப் பொறுத்திருக்கலாம். கை முழுவதும் வெளுத்தால் சாயம் பூசும் காலம் வந்துவிட்டது. அப்பொடியை நன்கு கழுவி நீக்கிய பின்னரே பூச வேண்டும். பொடியின்மீது பூசிய சாயம் பொடியோடு உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, கொப்புளமும் உரிதலும். இவை சுவருக்குள் நீர் புகுந்ததைக் காட்டுகின்றன. கூரை ஒழுகுகிறதா, மழைநீர்க் குழாய் உடைந்துள்ளதா என்று முதலில் ஆராய வேண்டும். ஒழுக்கை அடைக்காமல் எத்துணை விலையுயர்ந்த சாயத்தைப் பூசினும் அது மீண்டும் உரியும். சுவரில் வெள்ளை உப்புப் பூப்பதும் இத்தகையதே. உள்ளே புகுந்த நீர், செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொணர்கிறது.

மூன்றாவது, வெடிப்பு. மயிரிழை போன்ற வெடிப்பைப் பூச்சினால் அடைத்துவிடலாம். வெடிப்பு வளர்கிறதா என்பதை அறிய, அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியை எழுதி வைக்க வேண்டும். சில மாதங்களில் கோட்டைத் தாண்டி நீண்டால், அது சாயக்காரர் தீர்க்கும் குறையன்று. கட்டட வேலை அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

பச்சையும் கறுப்புமாகப் படரும் பாசியையும் பூசணத்தையும் கண்டு, சாயம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுதல் தவறு. துணி வெளுக்கும் நீர்மத்தைத் தண்ணீரில் கலந்து, கையுறை அணிந்த பெரியவர் ஒருவர் தேய்த்துக் கழுவினால் சுவர் தெளியும். அந்நீர்மத்தோடு வேறு துப்புரவு மருந்து எதனையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். கழுவியபின் சாயம் உறுதியாக இருந்தால் அவ்வாண்டுச் செலவு மிச்சமே.

பலகையும் இரும்பும்

பலகை வீடுகளில் தரையை ஒட்டிய பகுதியையும் பலகையின் முனைகளையும் கவனிக்க வேண்டும். திருப்புளியால் மெல்லக் குத்தினால் உள்ளே இறங்குமாயின், பலகை உளுத்திருக்கும். அல்லது கரையான் அரித்திருக்கும். அதனை மாற்றாமல் சாயம் பூசுவது புண்ணை மூடி மறைப்பதற்கு ஒப்பாகும். இரும்புக் கதவிலும் கம்பியிலும் துருப்புள்ளி தோன்றியவுடனே சுரண்டி, துருத்தடுப்பு அடிப்பூச்சுப் பூச வேண்டும். 1889ஆம் ஆண்டில் பாரிசு நகரில் எழுப்பப்பட்ட ஐபெல் கோபுரம் இன்றும் நிலைத்து நிற்பதற்கு, ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்குச் சாயம் பூசி வருவதும் ஒரு காரணமாகும்.

பூசுவதற்கு ஏற்ற காலம்

தீபாவளிக்குச் சாயம் பூசுவது நம் வழக்கம். ஆனால், தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் மழை மிகுந்து பெய்வது அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயாம். ஈரச் சுவரில் அவசரமாகப் பூசிய சாயம் தைப்பொங்கலுக்குள் கொப்புளித்துவிடக் கூடும். மழை குறையும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே வெளிச்சுவர் வேலையை முடித்துக்கொண்டால், தீபாவளிக்குக் கழுவித் துடைத்தலே போதும். செலவும் பண்டிகைச் செலவோடு சேர்ந்து குடும்பத் தலைவரை வருத்தாது.

ஓர் எச்சரிக்கை

பழைய வீடுகளின் சாயத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஈயத் தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 1978ஆம் ஆண்டில் அமெரிக்கா வீட்டுச் சாயங்களில் ஈயத்தைத் தடை செய்ததும் இதனாலேயே. ஆதலின், பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது; நனைத்துச் சுரண்ட வேண்டும். உதிர்ந்த சாயத்தைக் கூட்டி எடுத்து அப்புறப்படுத்தும் வரை பிள்ளைகள் அங்கு விளையாடுதல் ஆகாது.

செய்து பாருங்கள்

மாணவர்களே! வரும் விடுமுறையில் பெற்றோருடன் உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். நான்கு சுவர்களையும் கையால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டுத்தாளைச் சுவரில் நன்கு அழுத்தி, விரைந்து இழுத்துப் பாருங்கள். சாயம் அதனோடு பெயர்ந்து வருகிறதா? எந்தச் சுவர் முதலில் தேய்ந்துள்ளது? அது எத்திசை நோக்கியது? கண்டவற்றைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அவ்வாறே எழுதி ஒப்பிடுங்கள்.

அண்டை வீட்டார் பூசிவிட்டனர் என்பதற்காக நாமும் பூச வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரே விடை சொல்லும். அதனை உற்று நோக்கி, காலமறிந்து செய்து, பெற்றோர் உழைப்பால் எழுந்த இல்லத்தை நெடுங்காலம் காப்போமாக.