தைராய்டு அளவு ஏறி இறங்குதா?



எண்ணூர் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் தொடங்கி காசிமேடு வரை குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவை அளவு ஏறுது, ஒரு தடவை இறங்குது. ஏன் மேடம்?" இதற்காகக் குழுவில் உள்கடன் வாங்கி டாக்டர் மாற்றி டாக்டர் பார்ப்பவர்களும் உண்டு. கடன் வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

கழுத்தின் முன்பக்கம் இருப்பது தைராய்டு சுரப்பி. சுரப்பு குறைந்தால் அசதி, உடம்பு போடுதல், முடி கொட்டுதல், அதிக உதிரப்போக்கு, மலச்சிக்கல் வரலாம். வீட்டில் "சோம்பேறி" என்று பேர் வாங்குவதும் இதனால்தான். சுரப்பு கூடினால் படபடப்பு, கை நடுக்கம், உடம்பு இளைத்தல். பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்கு முதலில் கூடி, பிறகு குறையும்.

ரிப்போர்ட்டில் 'டி.எஸ்.எச்.' என்று ஒன்று இருக்கும். அது தைராய்டு நீர் அல்ல. 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. அதனால் டி.எஸ்.எச். கூடினால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல், "தைராய்டு ஏறிடுச்சு" என்று மாத்திரையைக் குறைப்பவர்கள் உண்டு. அது நேர்மாறான வேலை.

சுரப்பு குறைவுக்குக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். டீ, காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது.

விடியற்காலை மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்களுக்கு டீ இல்லாமல் முடியுமா? அவர்கள், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம். தகரக் கூரை வீட்டில் மாத்திரையை அடுப்புப் பக்கம், ஜன்னலோரம் வைக்காதீர்கள், சூட்டில் வீரியம் குறையும்.

மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. உடம்பில் இருப்பது பாதியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றுவது அதனால்தான். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துதான் ரத்தப் பரிசோதனை. பத்து நாளில் பார்ப்பது வீண் செலவு.

கடலோரத்தில் இருப்பதால் அயோடின் தானாகக் கிடைத்துவிடாது. உப்பளத்துக் கல் உப்பில் அது மிகக் குறைவு. அயோடின் கலந்த பாக்கெட் உப்பையே வாங்குங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பமானால் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள், அளவைக் கூட்ட வேண்டிவரும். நம் பகுதியில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரை அட்டை இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். டீயோடு போட்டீர்களா, எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாத்திரை அளவைத்தான் கூட்டுவார்கள்.