ஆணையை முதலில் வாசியுங்கள்

சட்டம் படிப்பவர்களுக்கான கேள்வி – பதில்

நிர்வாகச் சட்டத் தேர்வில் மேல்முறையீட்டுக்கும் நீதிப் புனராய்வுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை.
– மாணவி, தக்கலை

நாலு வரி போதும், அது சரியாக இருந்தால். மேல்முறையீட்டில் முடிவு சரியா தவறா என்றே பார்க்கலாம். நீதிப் புனராய்வில், அதாவது ரிட் மனுவில், அப்படியில்லை. இந்த முடிவை எடுக்க இவருக்கு அதிகாரம் உண்டா, எதிர்த்தரப்பைக் கேட்டாரா, பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, காரணம் சொன்னாரா என்பதுதான் அங்கே கேள்வி. கல்குளம் தாசில்தார் ஒரு மனுவைத் தள்ளிவிட்டால், உயர் நீதிமன்றம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேறு முடிவு எடுக்காது. பெரும்பாலும் ஆணையை ரத்து செய்து, முறைப்படி விசாரித்துப் புது ஆணை போடச் சொல்லி அவரிடமே திருப்பி அனுப்பும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜெயித்த பிறகும் ஏன் அதே தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று ஒரு கட்சிக்காரருக்கு உங்களால் விளக்க முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது.

அப்பாவின் பட்டா மாறுதல் மனுவைத் தாசில்தார் தள்ளிவிட்டார். நேராக மதுரைக் கிளையில் ரிட் போடலாமா?
– சட்ட மாணவர், பூதப்பாண்டி

ஆணையில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை வாசிக்காமலே மதுரைக்குப் பஸ் ஏறப் பார்க்கிறீர்கள். 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புக் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதன் பிறகு டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு என்று வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால், அங்கே போய்விட்டு வா என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். விதிவிலக்குகளை 1998-இன் வேர்ல்பூல் வழக்கு தொகுத்துச் சொல்கிறது: அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாதவர் போட்ட ஆணை, சட்டமே செல்லுமா என்ற கேள்வி. நோட்டீஸே தராமல் தள்ளியிருந்தால் உங்களுக்கு வழி உண்டு. ஆனாலும் நாகர்கோவில் ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கம், செலவும் குறைவு. சித்தப்பா பெரியப்பா பாகத் தகராறுதான் உள்ளே இருக்கிறது என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். சொத்து யாருக்கு என்பதை ரெவின்யூ அதிகாரி தீர்க்க முடியாது.

அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனுப் போடக் காலக்கெடு உண்டா?
– இரணியல்

எழுதி வைத்த கெடு இல்லை. ஆனால் விளக்கமில்லாத தாமதம் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும்.

மேலதிகாரி போனில் சொன்னார் என்பதற்காகக் கீழதிகாரி ஓர் உரிமத்தை ரத்து செய்தால்?
– குலசேகரம்

செல்லாது. யாருக்குச் சட்டம் அதிகாரம் தந்ததோ அவர்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டும். கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கை (1951) வாசியுங்கள். அந்தேரியில் சினிமா கொட்டகை கட்டத் தந்த அனுமதியை, அரசு சொன்னதென்று போலீஸ் கமிஷனர் ரத்து செய்த கதை அது. ஆணையில் இல்லாத காரணத்தைப் பின்னால் வந்து சேர்க்க முடியாது என்பதும் அதில் இருக்கிறது. 1977-இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் அதையே மீண்டும் உறுதி செய்தார்கள்.

பரீட்சைக்கு கைடு போதாதா? முக்கியமான வழக்குகளின் சாரம் எல்லாம் அதில் இருக்கிறதே.
– மாணவர், மார்த்தாண்டம்

போதாது. ராயப்பா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கு எதிரி என்று எழுதி, பக்கத்தில் 1973 என்று போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். ராயப்பா யார், என்ன ஆனார் என்று கேட்டால் வகுப்பே மௌனம். அவர் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர். 1971-இல் அந்தப் பதவியிலிருந்து மாற்றி மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக்கினார்கள். பிறகு சிறப்புப் பணி அலுவலர் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் ஒதுக்கினார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். போய்த் தோற்றார். புதிய பதவிகள் அந்தஸ்தில் குறைந்தவை என்று காட்ட முடியவில்லை. உள்நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் கடினமானது, அவரால் அதைச் சுமக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கோட்பாடு பிறந்த வழக்கிலேயே மனுதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது தெரியாமல் அந்த வரியை நீதிமன்றத்தில் சொன்னால், எதிர்த்தரப்பு அதே தீர்ப்பை எடுத்து உங்களை அடிக்கும்.

கிரைபாக் வழக்கும் (1969) அப்படித்தான். தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது என்று மனப்பாடம் செய்வீர்கள். காட்டிலாகாப் பதவிக்குப் போட்டியிட்ட ஒருவரே தேர்வுக் குழுவிலும் இருந்தார், தன் பெயர் வரும்போது மட்டும் எழுந்து போனார், போட்டியாளர்களைத் தரம் பிரிக்கும்போது கூடவே இருந்தார் என்ற விவரம்தான் அந்த விதிக்கு உயிர் கொடுக்கிறது. யார், எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதியில், என்ன ஆணை போட்டார், அதனால் யாருக்கு என்ன போயிற்று: இந்த ஐந்தையும் எழுதிவிட்டுப் பிறகு கோட்பாட்டுக்கு வாருங்கள். ஜெயின் – ஜெயின், மேசி, வேட் பாடநூல்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ் வழியில் படித்து வந்தவள். ஆங்கிலத் தீர்ப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
– குளச்சல்

கலங்காதே மக்ளே. தீர்ப்பின் முதல் பத்துப் பத்தி பெரும்பாலும் நடந்த சம்பவம்தான், அதை மட்டும் முதலில் படி. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள். விடுமுறையில் மதுரைக் கிளைக்குப் போய் ரிட் மனுக்கள் வரும் ஒரு கோர்ட்டில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார். 'நோட்டீஸ் கொடுத்தீர்களா?' என்ற கேள்வி அடிக்கடி வரும். அது புரிந்தால் பாதிப் பாடம் கைக்கு வந்த மாதிரி.

கருத்தரங்குக் கட்டுரைக்கு நம் கன்னியாகுமரி மாவட்டம் சார்ந்த தலைப்பு ஒன்று சொல்லுங்கள்.
– அகஸ்தீஸ்வரம்

இந்த ஒரு கேள்விக்காகவே காத்திருந்தேன். அரசியலமைப்புக்கு முன்னால் கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே ரிட் அதிகாரம். திருவிதாங்கூர்க் குடிகளான நம்மவர்களுக்கு 1950-இல்தான் 226 வந்தது. வந்தபோது உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில். 1956 நவம்பர் 1 அன்று நம் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் நமக்கான உயர் நீதிமன்றம் சென்னைக்குப் போயிற்று, எழுநூறு கிலோமீட்டர். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை வரும்வரை, தோவாளைச் சம்சாரி ஒருவர் ஓர் ஆணையை எதிர்க்க அவ்வளவு தூரம் பயணச் செலவும் வக்கீல் செலவும் பார்க்க வேண்டியிருந்தது. எத்தனை தவறான ஆணைகள் அந்தத் தூரத்தாலேயே நிலைத்துவிட்டிருக்கும்! உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பதும் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. அதை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும். ஏ.ஐ.ஆர். தொகுப்பில் 1950-களின் திருவிதாங்கூர் – கொச்சி பகுதியை எடுத்து, நம் தாலுகாக்களின் பெயர் வரும் ரிட் வழக்குகளைக் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.