ஓடுமுன் நிற்கவேண்டும்
பழைய பிக்கப்பைத் திருத்துவோருக்கு ஒரு பாடம்



கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை ஆலைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். நள்ளிரவில் ஒரு தாய்க்கு நோக்காடு கண்டால் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வண்டி வேண்டும். இடம்பெயர்ந்து, 2009இற்குப் பின் ஊர் திரும்பி, வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்களுக்குப் புதிய வாகனம் எட்டாக்கனி. எனவே சிலர் கூடி, மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நின்ற டீசல் பிக்கப்பைத் திருத்தலாமா என்று கேட்கின்றனர். திருத்தலாம். ஆனால் வேலையின் ஒழுங்கு முக்கியம்.

தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது, எம் பெரியவர்கள் ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனம் பல உயிர்களைக் காத்தது. ஆனால் ‘எப்படியாவது ஓடினால் போதும்’ என்ற பழக்கத்தையும் அது எம்மிடம் விட்டுச் சென்றது.

ஒரு கிராமத்தில் இளைஞர்கள் இப்படியொரு பிக்கப்பைத் தள்ளி இயக்கினார்கள். எஞ்சின் உறுமியதும் எல்லோரும் கைதட்டினர். பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொண்டனர். குளக்கட்டுச் சரிவில் பிறேக் பிடிக்கவில்லை. வண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது. அன்று உயிர்கள் தப்பின. மறுமுறையும் தப்பும் என்று யார் சொல்வது?

ஆகவே, இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. பத்திரங்கள்: பதிவுப் புத்தகம் போரில் தொலைந்திருந்தால், காசு செலவழிக்குமுன் செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிபாருங்கள். பிறர் பெயரிலுள்ள வண்டிக்கு உங்கள் வியர்வையைக் கொட்டவேண்டாம்.

2. செசி: தீவிலும் கரையோரத்திலும் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டு, துரு செதில் செதிலாக உதிர்ந்தால், ஒட்டுவேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். செசி முழுவதும் உக்கியிருந்தால் அத்துடன் நிறுத்துங்கள். பாகங்களை விற்பதே இலாபம்.

3. பிறேக்: பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதை முற்றாக அகற்றுங்கள். சக்கரங்களிலுள்ள பிறேக் றப்பர்களை மாற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் எடுங்கள். மிதித்தால் மிதிகட்டை கல்போல நிற்கவேண்டும். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

4. எண்ணெயும் தண்ணீரும்: டாங்கியில் கிடந்த டீசலை இறக்குங்கள், அதன் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். டீசல் பில்ரரையும் எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள். ரேடியேற்றருக்கு உவர்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அது உள்ளே அரிக்கும். எலி கூடு கட்டியிருக்கிறதா என்று காற்றுப் பில்ரரைத் திறந்து பாருங்கள். கடித்த வயர்களையும் தேடுங்கள்.

5. எஞ்சின்: உடனே ஸ்ராட் செய்யவேண்டாம். கியரை நியூற்றலில் விட்டு, சாவியால் எஞ்சினைக் கையால் சுழற்றுங்கள். இறுகியிருந்தால் இழுத்தோ தள்ளியோ பலாத்காரம் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் ஒயில் விட்டு ஓரிரு நாள் பொறுங்கள். ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாயின் அதை முதலில் மாற்றுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளையும். பின்னர் கைப்பம்பால் டீசல் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி இயக்குங்கள். ஒயில் விளக்கு சில வினாடிகளில் அணையவேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுப் போதாமையையோ டீசல் மிகுதியையோ காட்டும்.

முதல் ஓட்டம் வெறும் பெட்டியுடன், சமதரையில், மெதுவாக இருக்கட்டும். மூட்டையும் ஆட்களும் பிறகு ஏறலாம்.

எஞ்சின் பழுதானால் வண்டி வீதியில் நிற்கும். நடந்து வீடு போகலாம். பிறேக் பழுதானால் வீடு போகாமலே விடலாம். கையிலுள்ள சிறு பணத்தில் முதல் ரூபாய் பிறேக்குக்கே.

கலந்துரையாட:

- பொது வண்டியின் வரவு செலவை யார் எழுதுவது? எல்லோரும் பார்க்கும்படி எங்கே வைப்பது?
- காசில்லாத வீட்டில் நோயாளி இருந்தால் டீசலுக்கு என்ன வழி?
- “இன்று இந்த வண்டியை எடுக்கக்கூடாது” என்று சொல்லும் அதிகாரத்தை யாருக்குக் கொடுப்போம்? அவர் சொன்னால் கேட்போமா?