பழைய காரும் கேள்வி ஞானமும்

நெய்வேலிச் சுரங்கத்துக்கும் அம்பாசடருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. சுரங்கப் பணி 1957-இல் தொடங்கியது. அதையொட்டிய காலத்தில்தான் உத்தரபாரா ஆலையிலிருந்து முதல் அம்பாசடர்கள் வெளிவந்தன. சுரங்கம் இன்னும் நடக்கிறது. கார் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி கார் அதற்கும் முன்பே போய்விட்டது. மிச்சமிருக்கும் வண்டிகளை டவுன்ஷிப்பில் பாசத்தோடு வைத்திருப்பவர்களிடம் மைலேஜ் என்று பேச்செடுத்தால் போதும், தெருவே ஆலோசகராகிவிடும். காந்தம் கட்டு, மண்ணெண்ணெய் கலந்து ஊற்று, அதைக் கழற்று, இதை அடை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் பாதி எதையும் செய்வதில்லை. மீதிப் பாதி எஞ்சினைத் தின்கிறது.

அந்த இரண்டாவது வகையில் முதலிடம், "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்ற நம்பிக்கைக்கு. குளிர்நாட்டுக்காரன் தனக்காக வைத்தது, நமக்கு அது சுமை என்று சொல்லி அந்தச் சிறு வால்வைக் கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். தெர்மோஸ்டாட் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைப்பது. வெளியே 40 டிகிரி அக்கினி நட்சத்திரம் அடித்தாலும் எஞ்சினின் கணக்கில் அது குளிர்தான். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. திவலைகளாகச் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி, கீழே ஆயிலோடு கலக்கும். எரியாத பெட்ரோலுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். தேய்ந்துபோகும் சிலிண்டருக்கும் நாம்தான் கொடுக்கப்போகிறோம்.

இந்தத் தவறு நிலைத்திருக்கக் காரணம் உண்டு. வண்டி சூடாகிறது என்று பட்டறைக்கு வருகிறது. ரேடியேட்டர் உப்புப் படிந்து அடைத்திருக்கும், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தண்ணீர் பம்ப் சோர்ந்திருக்கும். அதையெல்லாம் பார்க்க அரை நாள் ஆகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றப் பத்து நிமிடம் போதும். கழற்றியதும் வெப்பநிலை முள் இறங்குகிறது, உரிமையாளர் நிம்மதியாக வீடு திரும்புகிறார். நோய் அப்படியே இருக்க, நோயைக் காட்டிய அடையாளம் மட்டும் போய்விட்டது. நெய்வேலியில் இதன் விலை இன்னும் அதிகம், ஏனெனில் இங்கே நம் பயணங்கள் குறுகியவை. குடியிருப்பு வட்டத்திலிருந்து மெயின் பஜார், பள்ளி, மருத்துவமனை, மறுபடி வீடு. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேறுவதே இல்லை. சூடேறாத எஞ்சின் திணறுகிறது என்று சோக்கைப் பாதி இழுத்துவைத்தே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மைலேஜ் பற்றிக் கவலைப்படுவதுதான் வேடிக்கை.

காலையில் பத்து நிமிடம் வாசலில் எஞ்சினை உறுமவிட்டு "வார்ம் அப்" செய்யும் பழக்கமும் இதன் உடன்பிறப்பே. நம் தட்பவெப்பத்தில் அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டத் தொடங்கி, எஞ்சின் தாங்கியதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். நிற்கும் வண்டியின் மைலேஜ் பூஜ்யம்.

அடுத்து, "ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும்." இதில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் சாகாமல் இருக்கிறது. அடைத்த ஃபில்டர் கார்புரேட்டர் வண்டியின் மைலேஜைக் குறைக்கும் என்பது சரியே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இதைச் சோதித்திருக்கிறது. புதிய இன்ஜெக்ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் எரிபொருள் செலவு கூடவில்லை, வேகம் எடுப்பது மட்டுமே மந்தமாயிற்று. பழைய கார்புரேட்டர் காரிலோ சில சதவீத இழப்பு தெரிந்தது. இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு ஃபில்டரை மாற்று என்பது. கழற்றி எறி என்ற முடிவு எங்கிருந்து வந்ததோ!

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைச் செய்வது தனித் துணிச்சல். பழுப்பு நிலக்கரியை எடுக்கும் முன் அதன்மேல் கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் ராட்சதச் சக்கர எந்திரங்கள் அள்ளிக் கொட்டும் ஊர் இது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் லாரிகளில் போகும் ஊர். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். இரண்டும் தேய்க்கும் பொருள்கள். ஃபில்டர் இல்லாத எஞ்சின் இவற்றை நேரே உறிஞ்சி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும். கம்ப்ரெஷன் போனபின் எந்த டியூனிங்கும் மைலேஜைத் திருப்பித் தராது, ரீபோர்தான். பஞ்சர் கடைக் காற்றைப் பீய்ச்சி ஃபில்டர் காகிதத்தில் ஓட்டை போட்டு "சுத்தம்" செய்வதும் ஏறத்தாழ இதே காரியம். கம்பெனி கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு முன்பே இங்கே ஃபில்டரை மாற்ற வேண்டும்.

பட்டறைகளில் "மைலேஜ் செட்டிங்" என்று ஒரு சேவை உண்டு. கார்புரேட்டரில் சிறிய ஜெட்டைப் போட்டுப் பெட்ரோலைக் குறைப்பது அது. குறைவாக ஊற்றினால் குறைவாகத்தானே செலவாகும் என்ற கணக்கு கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அளவுக்கு மீறினால் எரிதல் மந்தமாகிறது, பிக்கப் போகிறது; கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு கருகுவது தனி.

இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் தவறைப் பெரிதாக்குகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை தானாகவே காற்று மிகுந்ததாகிவிடுகிறது. அதன்மேல் சிறிய ஜெட் என்றால் இரட்டைப் பட்டினி. எத்தனாலைப் பற்றியும் இருபுறமும் வதந்திகள் உலவுகின்றன. மைலேஜ் பாதியாகிவிடும் என்பதும் பொய், ஒன்றும் ஆகாது என்பதும் பொய். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீத இழப்பு இருக்கும் என்று மதிப்பிட்டது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் வண்டிக்கு அது 600, 700 மீட்டர். அதைவிடக் கவலைப்பட வேண்டியது பழைய ரப்பர் ஹோஸ்களும் பம்ப் டயஃப்ரமும். எத்தனால் தாங்கும் ரகமாக அவற்றை மாற்றாவிட்டால் கசிவு வரும். கசிவு தீவிபத்தில் முடியலாம்.

அதிசயப் பொருள்களுக்கு வருவோம். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை வகையறா. பெட்ரோல் காந்தத்துக்குக் கட்டுப்படும் பொருளன்று. கதை அங்கேயே முடிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் சோதித்து, பெரும்பாலானவற்றால் பயனில்லை என்று சொல்லிவிட்டது. ஆயினும் நம்மை ஏமாற்ற வெளியூர்ச் சரக்கு எதற்கு? 1996-இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் ஆக்குவதாகச் சொன்னபோது தமிழ்நாடே வாய்பிளந்து பார்த்தது. ஐ.ஐ.டி. சோதனையில் அது தேறவில்லை. பிறகு அவர் பெயரில் விற்பனைக்கு வந்த எரிபொருள் வெறும் பெட்ரோலிய ரசாயனக் கலவை என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது, 2016-இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும், பெரிய கம்பெனிகள் ஒரு தமிழனை அமுக்குகின்றன என்ற பேச்சு ஓயவே இல்லை. சோதனை முடிவைவிடச் சதிக்கதை நமக்கு இனிக்கிறது. காந்தம் விற்பவர்களின் மூலதனமும் அதுவே.

விலை கூடிய "பிரீமியம்" பெட்ரோலை அம்பாசடருக்கு ஊற்றுபவர்கள் மறுகோடியில் நிற்கிறார்கள். ஆக்டேன் எண் காட்டுவது எரிபொருள் தட்டாமல் தாங்கும் திறனை. அதில் அடங்கிய ஆற்றலை அன்று. பழைய எஞ்சின்களின் தாழ்ந்த கம்ப்ரெஷனுக்கு இன்றைய சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே தாராளம். மண்ணெண்ணெய் கலப்பவர்களுக்கு இதே பாடம் தலைகீழ்: அதன் ஆக்டேன் மிகத் தாழ்ந்தது, எஞ்சின் தட்டும், கரி படியும், ஆயில் நீர்க்கும். சட்டப்படி குற்றமும்கூட.

விடியற்காலையில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்று பங்க் வாசலில் நிற்பவர்கள் தூங்கலாம். டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஒரு டிகிரி மாற்றத்துக்குப் பெட்ரோலின் கன அளவு சுமார் 0.1 சதவீதமே மாறும். நியூட்ரலில் விட்டு ஓட்டுவதில் கார்புரேட்டர் வண்டிக்குச் சொட்டு மிச்சமாகலாம். ஆனால் நெய்வேலி சமதரை. இறக்கமே இல்லாத ஊரில் எதில் உருள்வது? கடலூர்–விருத்தாசலம் ரயில் பாதையின் கேட்டுகளில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பதே மேல். மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிகம் குடிக்கும் என்ற பயம் வேண்டாம்.

உண்மையில் மைலேஜ் ஒளிந்திருப்பது யாரும் பேசாத இடங்களில். டயர் காற்று ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் போகிறது. பத்து குறைந்த டயரோடு ஊரைச் சுற்றுபவர்கள் பலர். பிடித்துக்கொண்ட டிரம் பிரேக்கை, கொஞ்சத் தூரம் ஓடியபின் சக்கரத்தைத் தொட்டால் சூடே காட்டிக்கொடுக்கும். டிஸ்டிரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிந்த வண்டிகள் எத்தனையோ; சீரான ஓட்டத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்தவே அந்தப் பாகம் இருக்கிறது. பாயின்ட் இடைவெளியைக் காதால் வைக்காமல் ஃபீலர் கேஜால் வைக்க வேண்டும். கும்பகோணம் சாலையில் ஏறியதும் வண்டியை எண்பதுக்கு விரட்ட வேண்டாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல்லாண்டுகளாகச் சொல்லும் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் இந்த வண்டிகளுக்கென்றே வகுத்தது போலிருக்கிறது.

இத்தனை வதந்திகளும் பிழைத்திருப்பதற்குப் பட்டறையையோ வியாபாரியையோ மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அளப்பதில்லை. பெட்ரோல் முள் பொய் சொல்கிறது, ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் "காந்தம் கட்டியபிறகு இரண்டு கிலோமீட்டர் கூடியது" என்று சத்தியம் செய்கிறோம். முதலில் அந்தக் கேபிளை மாற்றுங்கள். டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். மூன்று நான்கு முறை எழுதிவைத்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனையைக் கேளுங்கள்.