இருவருக்கு நடுவே ஒருவர்

தொலைவில் உள்ள அலுவலகத்தில் நமக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். தினமும் அங்கே போக முடியுமா? நமக்காகப் பேச அங்கே ஒருவர் இருந்தால் நல்லது. அரசர்களுக்கும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

இது சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் போப்பாண்டவர். அவர் இத்தாலியில், ரோம் நகரில் இருந்தார். இங்கிலாந்து அரசர் பிஷப்பாக ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அதற்குப் போப்பாண்டவரின் சம்மதம் வேண்டும். அதற்காக ரோமில் ஒரு கர்தினால் பேசுவார். அவருக்குப் 'பாதுகாவலர்' என்று பெயர்.

கம்பெஜ்ஜோ என்பவர் இத்தாலிக்காரர். சட்டம் படித்தவர். மனைவி இறந்த பிறகு திருச்சபைப் பணிக்கு வந்தார். 1517-ஆம் ஆண்டு கர்தினால் ஆனார். பிறகு இங்கிலாந்தின் பாதுகாவலர் ஆனார். 1524-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாலிஸ்பரி பிஷப் பதவியும் அவருக்குக் கிடைத்தது. அதில் நல்ல வருமானம் வந்தது.

அப்போதுதான் சோதனை வந்தது. அரசர் எட்டாம் ஹென்றி தம் மனைவி கேத்தரினை விலக்க விரும்பினார். ஆண் வாரிசு இல்லை என்பது அவர் குறை. வழக்கை விசாரிக்கப் போப்பாண்டவர் கம்பெஜ்ஜோவை இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

1529-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் விசாரணை நடந்தது. கேத்தரின் அரசர் முன் மண்டியிட்டார். தமக்கு நீதி வேண்டும் என்றார். நீதிபதிகளோ அரசரால் பதவி பெற்றவர்கள். ஆகவே வழக்கு ரோமில் நடக்கட்டும் என்று முறையிட்டார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

கம்பெஜ்ஜோ என்ன செய்தார்? அரசர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை. ராணி பக்கமும் சொல்லவில்லை. "ரோம் நீதிமன்றங்களுக்கு இது விடுமுறைக் காலம்" என்று சொல்லி வழக்கைத் தள்ளி வைத்தார். வழக்கு ரோமுக்குப் போனது.

1534-ஆம் ஆண்டு போப்பாண்டவர், கேத்தரினின் திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை ரோமை விட்டுப் பிரிந்தது. கம்பெஜ்ஜோ சாலிஸ்பரி பதவியை இழந்தார். ரோமில் இங்கிலாந்துக்காகப் பேச இனி ஆள் தேவைப்படவில்லை.

ஒரு கட்சிக்காகப் பேசுபவரே அந்த வழக்கில் நீதிபதியாகவும் இருக்கலாமா? கேத்தரின் கேட்ட கேள்வி இதுதான்.

புதிய சொற்கள்
கர்தினால் - போப்பாண்டவருக்கு அடுத்த நிலையில் உள்ள குரு
வாரிசு - சொத்தும் பதவியும் பெற உரிமை உள்ளவர்

பேசுங்கள்
1. கேத்தரின் ஏன் ரோமுக்கு முறையிட்டார்?
2. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்கு நடக்கிறது. தீர்ப்புச் சொல்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?