கையெழுத்திடும் முன்

செராஸ் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தில் பத்தாண்டுகளாகக் கணக்காளராகப் பணியாற்றும் ஒரு பெண்ணின் நிலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை, மேலாளர் அவரை அறைக்கு அழைக்கிறார். “திங்கட்கிழமை முதல் நீங்கள் கிள்ளான் கிடங்கில் சரக்குகளை எண்ணிக் குறிக்க வேண்டும். சம்மதம் என்றால் இங்கே கையெழுத்திடுங்கள், இல்லையென்றால் பணி விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள்,” என்கிறார். பள்ளி முடிந்து காத்திருக்கும் மகனும் மாதந்தோறும் கட்டவேண்டிய வீட்டுக் கடனும் உடனே அவர் நினைவுக்கு வருகின்றன.

இத்தகைய வேளையில் பலர் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் அஞ்சி, படிக்காமலேயே கையெழுத்திடுகின்றனர். வேறு சிலர் சினம் கொண்டு அங்கேயே பணி விலகல் கடிதம் எழுதுகின்றனர். முன்னவர் புதிய வேலையை ஏற்றுக்கொண்டவராகவும் பின்னவர் தாமாகவே விலகியவராகவும் கருதப்படலாம்.

பணியாளரை இடமாற்றம் செய்யும் உரிமை முதலாளிக்கு உண்டு. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டமும் அதனை ஏற்கிறது. ஆகவே, முறையான இடமாற்றத்தைக் காரணமின்றி மறுப்பது ஒழுங்கு மீறலாகலாம். எனினும், அவ்வுரிமைக்கு எல்லை உண்டு. ஹோலிரூட் தோட்டம் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் அவ்வெல்லையை விளக்கியது. இடமாற்றம் வேலை ஒப்பந்தத்திற்கு முரணாக இருத்தல் கூடாது. நிறுவனத்தின் உண்மையான தேவைக்காக, நல்லெண்ணத்துடன் செய்யப்பட வேண்டும். பணியாளரைத் துன்புறுத்தும் நோக்கம் அதில் இருத்தல் கூடாது.

முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறும்போது, பணியாளர் அதனைக் காரணமாகக் காட்டி வேலையை விட்டு வெளியேறினால், அது மறைமுகப் பணிநீக்கமாகக் கருதப்படலாம். 1988ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பில் வெளியான கேத்தே நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தைத் தெளிவுபடுத்தியது. ஆனால், நெடுநாள் மௌனமாகப் பணியைத் தொடர்ந்துவிட்டுப் பிறகு முறையிட்டால் அம்முறையீடு வலுவிழக்கும்.

எனவே, முதலில் செய்ய வேண்டியது அவகாசம் கேட்பதே. பணி நியமனக் கடிதத்தில் பதவி, பணியிடம், சம்பளம், இடமாற்றம் ஆகியவை பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்தறிய வேண்டும். மாற்றத்திற்கான காரணத்தை எழுத்து வடிவில் கேட்க வேண்டும். உடன்பாடு இல்லையெனில், அதனையும் பணிவாக எழுத்தில் தெரிவித்து, நகலொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கம் இருந்தால் அதன் ஆலோசனையைப் பெறலாம். நியாயமின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுபவர், 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிட வேண்டும். அத்துறை முதலில் இரு தரப்பினரையும் சமரசப்படுத்த முயலும். தீர்வு காணாத வழக்கு தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும்.

செராஸ் பெண் எழுதுகோலை மேசைமீது வைக்கிறார். “ஐயா, கடிதத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு, என் பதிலை எழுத்தில் தருகிறேன்,” என்கிறார். அவருடைய குரல் சற்று நடுங்கினாலும் சொற்கள் தெளிவாக இருக்கின்றன. அந்த வேலை அவருக்கு நிலைக்குமா என்பது இன்னும் தெரியாது. ஆயினும், பதறாத காரியம் சிதறாது என்பதை அவர் அறிந்திருக்கிறார்.